துருவை எடுங்க... தழும்பை விட்டுடுங்க! பழைய சைக்கிளுக்கு வீட்டிலேயே மெருகேற்றுவது எப்படி?

போகிக்கு இரண்டு நாள் முன்பு, புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மாமா வீட்டு வாசலுக்குப் பழைய இரும்புக்காரர் தராசோடு வந்திருந்தார். உடைந்த இரும்புக் கட்டில், ஓட்டை அண்டா, காம்பு இல்லாத மண்வெட்டி என ஒவ்வொன்றாக வண்டியில் ஏறின. கடைசியாக மாட்டுக்கொட்டகையிலிருந்து மாமா கொண்டுவந்தது, தாத்தாவின் ஹெர்குலஸ் சைக்கிள். உருட்ட முடியவில்லை. பின்சக்கரம் இறுகிப்போயிருந்ததால் தூக்கிக்கொண்டுதான் வந்தார்.

"இதுக்குத் தனி விலை எல்லாம் கிடையாதுண்ணே. கிலோ கணக்குதான்" என்றார் இரும்புக்காரர்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா, "அதை ஏத்தாதீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"இந்தத் துருவை வெச்சுக்கிட்டு என்னக்கா பண்ணப்போறே?" என்று மாமா கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. நான்தான் முந்திக்கொண்டு, "நாலு நாள் லீவு இருக்கு மாமா. நான் புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்" என்றேன். குப்பையாகக் கிடந்த சைக்கிள் பத்தே நிமிடத்தில் ஷோரூம் வண்டியாக மாறும் வீடியோக்களை நிறையப் பார்த்த தைரியம்!

'புதுசு மாதிரி' என்ற அந்த வார்த்தைதான் தப்பு என்று தெரிய எனக்கு ஒரு நாள் ஆனது. பரணிலோ, கொட்டகையிலோ உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சைக்கிள் இருந்தால், நான் செய்த தப்பை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதல் நாளே சறுக்கல்

சங்கிலியை மூடியிருக்கும் செயின் கவரில் எண்ணெய்ப் பிசுக்கு தார் மாதிரி அப்பியிருந்தது. சோப்பு போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. மாமா வீட்டில் பெயின்ட் அடித்து மீந்துபோன தின்னர் இருந்தது. துணியில் நனைத்து ஒரே இழுப்பு. பிசுக்கு போனது. கூடவே மஞ்சளாக ஏதோ துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அது தாத்தாவின் பெயர். சைக்கிள் வாங்கிய புதிதில், ஊர்ப் பெயின்ட்டரிடம் கொடுத்து இனிஷியலோடு எழுதி வாங்கியிருக்கிறார். அந்தக் காலத்தில் பலரும் அப்படிச் செய்வார்களாம். பிசுக்குக்கு அடியில் அது பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. நான் நிறுத்தியபோது கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் மிச்சம்.

அம்மா திட்டவில்லை. செயின் கவரை வாங்கிப் பார்த்துவிட்டு, "போய் பாய்கிட்ட கேட்டுட்டு வந்து செய்" என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருந்தாலே பரவாயில்லை.

"மொதல்ல எது என்னன்னு பாரு!"

டவுனில் ரொம்ப வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய், நான் போனில் எடுத்திருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். "எல்லாத்துக்கும் ஒரே மருந்து கிடையாதும்மா. மொதல்ல எது பெயின்ட்டு, எது குரோமு, எது அலுமினியம்னு பிரிச்சுக்க. பிரிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டோ எடு. மாட்டுறப்ப தேடுவே" என்றார்.

பழைய ராடு பிரேக் சைக்கிள்களில் இதைப் பிரிப்பது சுலபம். ஃபிரேம், ஃபோர்க், மட்கார்டு, செயின் கவர், கேரியர் ஆகியவை பெரும்பாலும் கறுப்புப் பெயின்ட். ஹேண்டில்பார், ரிம், கிராங்க், பிரேக் கம்பிகள், பெல் மூடி எல்லாம் குரோம் பூசிய இரும்பு. சந்தேகமாக இருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ பித்தளையாகவோ இருக்கலாம். அதை அமிலத்தில் போடாமல் தனியாக எடுத்துவையுங்கள்.

பாய் சொன்ன இன்னொரு விதி: எப்போதும் மிக மென்மையான முறையில் ஆரம்பிக்க வேண்டும். முதலில் காய்ந்த துணி, பிறகு சோப்புத் தண்ணீர், அப்புறம்தான் மற்றதெல்லாம். அதையும் கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு ரூபாய் அளவுக்குச் செய்துபார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்தில் கை வைக்க வேண்டும். நான் செய்தது நேர் தலைகீழ்.

குரோம் ஏன் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கிறது?

குரோமியம் துருப்பிடிக்காது. அப்புறம் ஹேண்டில்பாரில் அம்மைத் தழும்பு மாதிரி இத்தனை பழுப்புப் புள்ளிகள் எப்படி வந்தன?

பளபளப்பாகத் தெரியும் அந்தப் பூச்சு ஒரே அடுக்கு கிடையாது. இரும்பின் மேல் முதலில் நிக்கல் பூசுவார்கள்; சிலவற்றில் நிக்கலுக்கு அடியில் செம்பும் இருக்கும். அதற்கு மேல்தான் குரோமியம். அந்தக் குரோமிய அடுக்கின் தடிமன் பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அடுக்குகளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அதன் வழியாக ஈரம் உள்ளே போய் இரும்பைத் தொடுகிறது. துருப்பிடிப்பது கீழே இருக்கும் இரும்புதான். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் துளை வழியாக வெளியே பிதுங்கி, மேலே புள்ளியாகப் படிகிறது. ஆரம்பத்திலேயே துடைத்தால் அடியில் குரோம் அப்படியே இருக்கும். விட்டுவிட்டால், துரு அடியிலிருந்து பூச்சையே செதில் செதிலாகப் பெயர்த்துவிடும்.

சமையலறை ஃபாயிலே போதும்!

குரோமில் படிந்த மேல் துருவை எடுக்க பாய் சொன்ன பொருள், சப்பாத்தி சுற்றும் அலுமினியம் ஃபாயில். நம்பவில்லை. செய்துபார்த்த பிறகு நம்பினேன்.

- பாகத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மண், தூசி இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். மணல் ஒட்டியிருந்தால் அதுவே கீறிவிடும்.
- உள்ளங்கை அளவு ஃபாயிலைக் கிழித்து, தளர்வாகக் கசக்கி உருட்டுங்கள்.
- தண்ணீரில் நனைத்து, துரு இருக்கும் இடத்தில் மெதுவாகத் தேயுங்கள். அழுத்த வேண்டாம். வேலையைச் செய்வது பலம் இல்லை, பொறுமை.
- கறுஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பசை வரும். அதைத் துடைத்துவிட்டு, புது ஃபாயிலோடு மறுபடி தேயுங்கள்.
- கடைசியில் நன்றாகக் கழுவி, ஈரம் சொட்டுக்கூட இல்லாமல் துடைத்துக் காயவையுங்கள்.

அலுமினியம், குரோமியத்தைவிட மிகவும் மென்மையான உலோகம். அதனால் துருவைச் சுரண்டுமே தவிர, குரோமைக் கீறாது. உப்புத்தாளும், பாத்திரம் தேய்க்கும் முரட்டுக் கம்பி நாரும் அப்படி இல்லை. ஒரு மைக்ரான்கூட இல்லாத பூச்சில் உப்புத்தாளைப் போட்டால் என்ன மிஞ்சும்? ஃபாயிலுக்கு அசையாத துருவுக்கு, '0000' எண் போட்ட மிக மெல்லிய ஸ்டீல் வுல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்க்கலாம். அதுதான் எல்லை.

ஹேண்டில்பாருக்கு மட்டும் எனக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. முக்கால்வாசிப் புள்ளிகள் போய்விட்டன. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஓர் அங்குல நீளத்துக்குப் பூச்சே உரிந்திருந்தது. அங்கே துரு போனதும் சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. உரிந்த குரோமைக் கையால் தேய்த்து வரவழைக்க முடியாது. துருவை எடுத்து, மெழுகு பூசி, மேலும் பரவாமல் நிறுத்தலாம். நம்மால் முடிவது அவ்வளவுதான்.

"புதுசா பிளேட்டிங் போட்டுடலாமா?" என்று பாயிடம் கேட்டேன். "போடலாம். ஆனா, பழைய பூச்சை முழுசா எடுத்து, பஃப் அடிச்சுதான் போடுவாங்க. பெல் மூடியில இருக்கிற எழுத்து எல்லாம் மழுங்கிடும். யோசிச்சுக்க" என்றார். இதை வீட்டில் செய்துபார்க்கும் எண்ணமே வேண்டாம். குரோம் பூச்சுக்குப் பயன்படும் ரசாயனங்களில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை இருக்கின்றன.

நட்டு, போல்ட்டுக்கு எலுமிச்சை உப்பு

தேய்க்க முடியாத சின்னச் சின்ன இரும்புப் பாகங்களுக்கு ஊறவைக்கும் முறைதான் சரி. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் கிடைக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று, நான்கு ஸ்பூன் கலந்து, பிசுக்கு நீக்கிய நட்டு, போல்ட்டுகளைப் போட்டேன். மணிக்கொரு தடவை எடுத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். துரு போனதும் உடனே எடுத்துவிட வேண்டும். 'ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும்' என்று விட்டால் நல்ல இரும்பையும் அமிலம் அரிக்க ஆரம்பிக்கும்.

எடுத்ததும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, கையோடு எண்ணெய் தடவ வேண்டும். அமிலத்தில் குளித்த இரும்பு, ஈரத்தோடு விட்டால் கண்ணெதிரிலேயே பழுப்பேறும். முதல் தொகுப்பை வைத்துவிட்டு நான் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது.

அம்மாச்சி இதையெல்லாம் பார்த்துவிட்டு, "புளியைப் போட்டுத் தேய்க்க வேண்டியதுதானே?" என்றார். விஷயம் சரிதான். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. பித்தளைக் குடம் பளபளக்கும் அதே கணக்கு. லேசான துருவுக்கு அதுவும் வேலை செய்யும்.

எதையெல்லாம் ஊறவைக்கக் கூடாது? பெயின்ட் அடித்தவை, அலுமினியம், ஸ்பிரிங், பால்ரஸ். கடினமாக்கப்பட்ட எஃகு, அமிலத்தில் ஊறினால் முறியும் தன்மைக்கு வந்துவிடலாம். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள். அதில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமையே கரைத்துவிடும். அதன் புகை பட்டுப் பக்கத்தில் இருக்கும் மற்ற இரும்புச் சாமான்களும் துருப்பிடிக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்துவிட்டாலோ குளோரின் வாயு வரும். அது உயிருக்கே ஆபத்து.

கறுப்புப் பெயின்ட்டைக் காப்பாற்றுங்கள்

பழைய சைக்கிள்களின் கறுப்பு, சூளையில் சூடேற்றி இறுக வைத்த பெயின்ட். அதனால்தான் இத்தனை வருடம் தாக்குப்பிடிக்கிறது. மங்கிப்போய்த் தெரிந்தாலும், பல சமயம் மேலே இருப்பது அழுக்கும் வெளுத்துப்போன மெல்லிய படலமும்தான்.

சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகும் போகாத பிசுக்குக்கு, மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டு, எழுத்தோ கோடோ இல்லாத இடங்களில் மட்டும் துடைக்கலாம். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றுக்கும் தடா. அதன்பிறகு, கார்களுக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்ட் ஒரு பட்டாணி அளவு எடுத்து, மெல்லிய பருத்தித் துணியால் வட்டமாகத் தேய்த்தால் கறுப்பு கண்ணாடி மாதிரி மேலே வரும். ஆனால், மட்கார்டிலும் ஃபிரேமிலும் ஓடும் தங்க நிறக் கோடுகளில் காம்பவுண்ட் படவே கூடாது. பெயின்ட்டைவிட மெல்லியவை அவை. நாலு தேய்ப்பில் காணாமல் போய்விடும். டேப் ஒட்டி மறைக்கலாமே என்று தோன்றும். டேப்பை உரிக்கும்போது கோடும் சேர்ந்து வந்துவிடலாம். எனவே, கோட்டைச் சுற்றி விரல் நுனியால் தேய்ப்பதுதான் ஒரே வழி.

கடைசியாக, கார் மெழுகு ஒரு பூச்சு. ஆயுத பூஜைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பது நம் பழக்கம். அன்றைக்குப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால், எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டி மறுபடி பிசுக்காகும். மெழுகு காய்ந்துவிடும் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

முக்கியமான இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்ட்டுகளில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-மைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்ததே 2016-ல்தான். எனவே, பழைய பெயின்ட்டைக் காய்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். இரண்டு, ராடு பிரேக் சைக்கிளில் பிரேக் கட்டை போய் அழுத்துவது ரிம்மின் உள்பக்கத்தில். அந்த இடத்தில் எண்ணெயோ மெழுகோ பட்டால் பிரேக் பிடிக்காது. பளபளப்பைவிடப் பிரேக் முக்கியம்.

கேரியரில் இருந்த கதை

மூன்றாம் நாள் கேரியருக்கு வந்தேன். இரண்டு பக்கக் கம்பிகளிலும், ஒரே உயரத்தில், நாலு விரல் அகலத்துக்குப் பெயின்ட் சுத்தமாக இல்லை. வெறும் இரும்பு, பழுப்பேறிக் கிடந்தது. "இந்த இடத்துக்கு மட்டும் கறுப்புப் பெயின்ட் அடிச்சுடலாம்மா" என்றேன்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அது குடத்துக் கயிறு உரசின இடம்டி" என்றார்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தபோது, படிப்போடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய ஊக்கம் கொடுத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால், பெண்கள் ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டிப் பழகினார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

பள்ளிப் பாடத்திலோ, பழைய கட்டுரையிலோ படிக்கும்போது இது எனக்கு ஒரு செய்தி. அந்த லட்சம் பேரில் ஒருவர், என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

செயின் கவரில் இருக்கும் நெளிசல், கண்மாய்க்கரையில் ஓட்டிப் பழகும்போது வலது பக்கமாகக் கருவேல முள்ளில் விழுந்தது. கேரியரில் இரண்டு பக்கமும் குடம் கட்டித் தண்ணீர் எடுத்துவந்தது, தாத்தாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. ஒரு கோடைக்குப் பிறகு அவரே கயிறு வாங்கிவந்து கொடுத்தாராம். முன்னால் இருக்கும் பார் கம்பியின் நடுவில் பெயின்ட் தேய்ந்து வெளுத்திருக்கிறதே, அது?

"அது உங்க மாமாதான். தினமும் அதுல உட்கார வெச்சுதான் பள்ளிக்கூடத்துல விட்டேன்" என்றார் அம்மா.

திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா தலையைத் தூக்கவே இல்லை. கிலோ கணக்கில் போட நினைத்தவராயிற்றே!

அன்றைக்குப் பெயின்ட் டப்பாவை மூடி வைத்தேன். கயிறு உரசிய இடத்தில் துருவை மட்டும் ஸ்டீல் வுல்லால் மெதுவாக எடுத்து, மெழுகு பூசினேன். பார் கம்பியைச் சோப்புத் துணியால் துடைத்ததோடு சரி. செயின் கவர் நெளிசலைத் தட்டவில்லை. அழிந்த பெயரை மறுபடி எழுதிவிடலாம் என்று மாமா சொன்னார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். மிச்சமிருக்கும் இரண்டு எழுத்துகளின் மேல் இப்போது மெழுகு இருக்கிறது. மற்றவை போனவை போனவைதான். அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.

எங்கே நிறுத்துவது?

துரு என்பது நோய். இன்னும் பரவும், இரும்பைத் தின்னும். அதை எடுத்தே ஆக வேண்டும். தேய்மானம் அப்படி இல்லை. அது யாரோ உட்கார்ந்த இடம், யாரோ பிடித்த இடம். அதை எடுக்கும் முன் வீட்டில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். புதுப் பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். பழையது ஒரு முறை போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

செலவு? ஃபாயில், எலுமிச்சை உப்பு, ஸ்டீல் வுல், காம்பவுண்ட், மெழுகு எல்லாம் சேர்த்து எனக்கு 500 ரூபாய்கூட ஆகவில்லை. டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றுவதையும், இறுகிய பின்சக்கரத்தைப் பிரித்து ஓவராயில் செய்வதையும் பாயிடமே விட்டுவிட்டோம். கிராங்க்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னை வீட்டில் சுத்தியால் அடித்துக் கழற்ற முயலாதீர்கள். வளைந்துவிட்டால் அப்புறம் கடைக்காரருக்கும் கஷ்டம்.

வேலை முடிந்த பிறகும் கவனிப்பு வேண்டும். வெறும் இரும்பு தெரியும் இடங்களில் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெழுகு பூச வேண்டும். மழையில் நனைந்தால் அன்றைக்கே துடைக்க வேண்டும். அந்தப் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். மெழுகு போட்ட அன்று கேரியரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

போன வாரம் வந்த படத்தில் கேரியரில் துரு இல்லை. ஆனால், அந்த நெளிந்த செயின் கவரில் புதிதாக ஒரு கீறல் இருந்தது. "என்ன மாமா இது?" என்று பதறிப்போய்க் கேட்டேன். பதிலுக்கு ஒரு வீடியோ வந்தது. ஏழாவது படிக்கும் மாமா பெண், சீட் எட்டாமல், குரங்கு பெடல் போட்டுக் கண்மாய்க்கரையில் போய்க்கொண்டிருக்கிறாள். பின்னால் ஓடிக்கொண்டே அம்மாச்சி திட்டுவது கேட்கிறது.

அந்தக் கீறலை நான் தேய்க்கப்போவதில்லை.